காதில்லாச் சுவர்

பெல்லந்தூர், ஏழாவது மாடி.
லிஃப்டுக்குப் பொத்தான் வந்துவிட்டது, லிஃப்ட் வரவில்லை.
இருபத்தைந்து கிலோ பலகை ஒவ்வொன்றும்
எங்கள் இருவருக்கு நடுவே நிமிர்ந்து நின்றபடி
படியேறி வந்தது, சீர்வரிசைக் கண்ணாடி போல.
படுக்க வைத்துத் தூக்கினால் நடுவில் முறியும்,
பலகையும் இடுப்பும்.

ஜிப்சம் என்பது கெட்டிப்பட்ட மாவு,
இரண்டு காகிதங்களுக்கு நடுவே.
திருகு அந்தக் காகிதத்தைக் கிழிக்காமல்
கொஞ்சமே அமிழ வேண்டும்,
அம்மைத் தழும்பளவு.
கிழிந்தால் பிடிப்பு போச்சு,
இரண்டு விரற்கடை தள்ளி இன்னொன்று.
முக்தார் இதை இருட்டிலும் தடவிச் சொல்வான்.
அவன் மால்டா. நான் லிங்கராஜபுரம்.
எங்களுக்குப் பொதுமொழி மில்லிமீட்டர்.

வரைபடத்தில் 'உரையாடல் அறை' என்றிருந்தது.
ஆட்களை வீட்டுக்கு அனுப்பும் அறை அது என்று
இன்டீரியர்காரர் டீ குடித்தபடி சொன்னார்.
ஒரு விசும்பல்கூட வெளியே வரக் கூடாது.

சுவருக்கும் காது உண்டு என்பார்கள்.
அந்தக் காதை அடைக்க
எங்களுக்குச் சதுரடிக்கு இருபத்திரண்டு ரூபாய்.

தரைத் தகட்டுக்கு அடியில் பிசின்.
அறுநூறு மில்லிக்கு ஒரு செங்குத்துக் கம்பி,
லேசரின் பச்சைக் கோடு தொட்டு.
கம்பிகளுக்கு இடையே கம்பளி,
ஆட்டுடையது அல்ல, பாறையுடையது.
முழுக்கை, முகமூடி, கண்ணாடி எல்லாம் போட்டும்
கழுத்துக்குள் இறங்கும்.
சொறியக் கூடாது. பச்சைத் தண்ணீர் மட்டும்.
பிறகு பலகைமேல் பலகை,
மூட்டுமேல் மூட்டு வராமல்.

வியாழக்கிழமை
மறுபக்கத்தையும் மூடிவிடச் சொன்னார் குருகிரண்.
திங்கள் ஒப்படைப்பு.
கம்பளிக்குள்ளிருந்து ஒரு வயர்,
நுனியில் சிவப்பு நாடா சுற்றி, எட்டிப் பார்த்தது.
அதில் கரண்ட் இல்லை, சொல்லிவிட்டார்கள், என்றார்.

யார் சொன்னார்கள்?

டெஸ்டரை முதலில் எரிகிற பிளக்கில் வைத்துப் பார்த்தேன்,
டெஸ்டரும் பொய் சொல்லும்.
பிறகு வயரில்.
எரிந்தது.

ஒரே ஒரு திருகு தவறியிருந்தால் போதும்,
அறையின் எலும்புக்கூடு முழுவதும் கரண்ட்.
முக்தாரின் முழங்கை அப்போது கம்பியில் சாய்ந்திருந்தது.
மெதுவாக எடுத்துக்கொண்டான்,
தூங்குகிறவர் பக்கத்திலிருந்து எழுவதுபோல.

சாரத்துச் சக்கரத்தைப் பூட்டிவிட்டுக் கீழே உட்கார்ந்தோம்.
குருகிரண் கன்னடத்தில் திட்டினார், இந்தியில் திட்டினார்,
கடைசியில் ஆங்கிலத்தில், மரியாதையாக.
மூன்றிலும் என் பதில் ஒன்றுதான்,
எலக்ட்ரீஷியன் வரட்டும்.

ஏழு மணிக்கு மஞ்சப்பா வந்தார்.
பிரேக்கருக்குப் பூட்டுப் போட்டு
சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துப் பொத்தான் மாட்டினார்.
யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.
அரை நாள் கூலி போனது.
சுவரில் அது எங்கும் தெரியாது.

கதவு மாட்டிய பிறகுதான் ஒன்று உறைத்தது.
வேலை சரியாக இருக்க இருக்க,
உள்ளே ஏணியிலிருந்து ஒருவன் விழுந்தாலும்
வெளியே தெரியாது.
அன்றிலிருந்து மூட்டுக்கு நாடா ஒட்டி முடியும் வரை
கதவிடுக்கில் ஒரு காலி டப்பா.

சனிக்கிழமை சோதனை.
முக்தார் உள்ளே போனான், கதவு சாத்தியது.
நான் பலகையில் காதை வைத்தேன்.
என் ரத்தம் ஓடும் சத்தம், வேறில்லை.
கதவின் கண்ணாடிக் கீற்றில்
அவன் வாய் திறந்திருந்தது,
கழுத்து நரம்பு புடைத்திருந்தது.
கத்தினான். நிறுத்தினான். மூச்சு வாங்கி மறுபடி கத்தினான்.
ஒரு சோதனைக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை.
நான் தட்டவில்லை.

வெளியே வந்து தொண்டையைச் செருமினான்.
அவனுக்குத் தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லில் ஒன்று,
"கேட்டுச்சா?"

இல்லை என்றேன்.

தலையாட்டினான்.
காலால் டப்பாவைத் தள்ளிக் கொண்டுபோய்
மறுபடி கதவிடுக்கில் வைத்தான்.